காயில் அண்ணனும் சென்னைக் கம்ப்ளெயிண்டும்

விமர்சனத்துக்கு வாரண்டி கொடுத்த ஒரே இசைக்கலைஞர் இந்தப் பூமியில் எங்கள் காயில் அண்ணன்தான். கொஞ்சம் அடக்கி வாசித்து, 'இந்தியாவில்' என்று எழுதலாமா என்று யோசித்தேன். வேண்டாம், அவரைத் தெரிந்தவர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. ரேஷன் கார்டைத் தவிர வேறு யாரும் அதை உபயோகித்ததாகத் தெரியவில்லை. நாமக்கல்லில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். கிணற்றிலும் ஆழ்துளையிலும் ஓடி ஓடிப் புகைந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை உருவி எறிந்துவிட்டு, புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பது அவர் தொழில். மீதி நேரத்தில் ஜாஸ் கிட்டார் வாசிப்பார். எது தொழில், எது மீதி நேரம் என்பதில் அவருக்கும் அவர் மனைவி சரசு அக்காவுக்கும் கருத்து வேறுபாடு உண்டு.

நாமக்கல்லுக்கு ஜாஸ் எப்படி வந்தது என்றால், ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடும் வண்டியில் வந்தது. இளவயதில் அண்ணன் திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து மேகாலயா வரைக்கும் போயிருக்கிறார். அங்கே ஒரு மலை ஊரில் கம்ப்ரசர் படுத்துவிட்டது. பார்ட் வருவதற்குள் மழைக்காலம் முழுவதும் முடிந்துபோனது. பக்கத்து ஓட்டலில் தினமும் சாயங்காலம் ஒரு ஜாஸ் குழு வாசிக்கும். அவர்களுடைய ஆம்ப்ளிஃபயர் புகைந்தபோது அண்ணன் போய்ச் சரிசெய்து கொடுத்தார். என்ன வேண்டும் என்று கிட்டார்காரர் கேட்க, இவர் கிட்டாரைக் கைகாட்டியிருக்கிறார். ரிக் வண்டி போர் போடப் போய்விட்டது. அண்ணன் கிட்டாரோடு ஊர் திரும்பிவிட்டார்.

அந்தக் கிட்டாரின் வயிற்றில் ஒலியைப் பிடிக்கும் காந்தச் சுருள் இருக்கிறதே, அதை அவரே மோட்டார்க் கம்பியில் மறுபடி கட்டிக்கொண்டார். கைப்பழக்கத்தில் கொஞ்சம் அதிகமாகச் சுற்றிவிட்டார். அவர் கடையில் ஒரு தட்டுத் தட்டினால் எதிர் டீக்கடை எஃப்.எம். ரேடியோவில் அறிவிப்பாளர் தடுமாறுவார் என்று சொல்வார்கள். நான் அதை நேரில் பார்க்கவில்லை. டீக்கடைக்காரர் சத்தியம் செய்தார்.

நான் மயிலாடுதுறைக்காரன். லாரி விபத்து நஷ்ட ஈட்டுக் கோப்புகளைப் பார்க்கும் வேலையில் நாமக்கல்லுக்கு வந்து, தனியாக ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தேன். வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டாரைக் கொடுத்து என்னை அந்தக் கடைக்கு அனுப்பினார். சுவரில் தொங்கிய கிட்டாரைப் பார்த்துவிட்டு, கல்லூரி மெல்லிசைக் குழுவில் நான் பேஸ் கிட்டார் வாசித்திருக்கிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

காயில் அண்ணன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். எழுந்து கடையின் ஷட்டரைப் பாதி இறக்கினார்.

"சார், உக்காருங்க" என்றார். "உங்களைத்தானுங்க எட்டு வருசமாத் தேடிட்டு இருக்கறேன்."

என் மோட்டார் மூன்று வாரம் கழித்துத்தான் கிடைத்தது. அதுவரை வீட்டுக்காரர் குடத்தில் தண்ணீர் எடுத்தார்.

எனக்கு முன்பே இரண்டு பேர் சிக்கியிருந்தார்கள். ஒருவர் ராசிபுரம் பேண்டு மாஸ்டர். கல்யாண ஊர்வலங்களில் கிளாரினெட் வாசிப்பவர். நடந்துகொண்டே வாசித்துப் பழகியதால் உட்கார்ந்தால் அவருக்கு மூச்சு வராது. ஒத்திகை முடிவதற்குள் அறையை நாற்பது முறையாவது சுற்றிவிடுவார். இன்னொருவர் குமரேசன். லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் தகரம் தட்டுகிறவர். டிரம்ஸ் அவருக்கு ஓய்வு மாதிரி.

ஜாஸ் என்றால் என்ன என்று அண்ணன் எனக்கு விளக்கியது இப்போதும் நினைவிருக்கிறது.

"ஒரு பாட்டுங்கறது ஒரு காடுங்க சார். நாலு பக்கமும் வரப்பு எங்க இருக்குதுன்னு மொதல்ல நல்லாத் தெரிஞ்சுக்கோணும். அப்புறம் உள்ளாற எப்புடி வேணும்னாலும் நடக்கலாம். ஓடலாம், உருளலாம். வரப்பை மட்டும் முறிக்கப்படாது."

காடு என்றால் அவர்கள் பக்கத்தில் வயல். இசைக் கல்லூரிகளில் இதை மூன்று வருடம் சொல்லித்தருகிறார்கள் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

எங்கள் முதல் கச்சேரி சரசு அக்காவின் சொந்தத்தில் ஒரு காதுகுத்து விசேஷம். முக்கால் மணி நேரம் வாசித்தோம். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். மாஸ்டர் பந்தலை இரண்டு சுற்று சுற்றி வந்தார். முன்வரிசையில் துண்டு போட்டு உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் கடைசி வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, மேடைக்குப் பக்கத்தில் வந்தார்.

"ஏனுங்க சாமி, சுருதி சேந்துருச்சுங்களா? பாட்டு ஆரம்பிக்கலாமுங்களா?"

வேறு யாராக இருந்தாலும் சோர்ந்துபோயிருப்பார்கள். வீடு திரும்பும் வழியில் அண்ணன் ரொம்பத் தெம்பாக இருந்தார். "முக்கா மணி நேரம் எந்திரிக்காம உக்காந்திருந்தாரு பாத்தீங்களா? அப்ப என்னமோ வரப்போகுதுன்னு அவருக்குத் தோணியிருக்குது. ஆல்பம் போட்டர்லாமுங்க."

அப்படித்தான் ஆல்பம் போட முடிவானது.

சேலத்தில் ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றைப் போய்ப் பார்த்தோம். சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருந்தார்கள். எதிரொலி வராமல் இருக்கவாம். அண்ணன் அந்தச் சுவரைத் தடவிப் பார்த்தார். எங்கள் மூன்று பேரையும் திரும்பிப் பார்த்தார். வெளியே வந்து வண்டியைக் கிளப்பினார். நேராகச் சரசு அக்காவின் தம்பி வைத்திருந்த கோழிப்பண்ணைக்குப் போனோம். அங்கே முட்டை அடுக்கும் அறை ஒன்று இருந்தது. தரையிலிருந்து கூரை வரை நாலு பக்கமும் முட்டை அட்டை, பாதிக்கு மேல் முட்டையோடு.

"ஊர்ல சும்மா கெடக்கறதை சேலத்துல வாடகைக்கு உடறானுங்க" என்றார் அண்ணன்.

அங்கேயே மைக்குகளை நிறுத்தினோம். மாஸ்டரை மட்டும் ஒரு இடத்தில் நிற்க வைக்க வேண்டியிருந்தது. அவரைச் சுற்றி நாலு பக்கமும் முட்டைகளை அடுக்கிவிட்டோம். அசைந்தால் உடையும். மனிதர் சிலை மாதிரி நின்று வாசித்தார். அவருடைய வாழ்நாளின் சிறந்த வாசிப்பு அதுதான்.

இரண்டாம் நாள் பகலில் பண்ணைக்கார மைத்துனர் கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

"மாமா, கோழி எல்லாம் தீனி எடுக்க மாட்டேங்குது."

அண்ணன் கோபப்படவில்லை. "எந்தப் பாட்டுக்குன்னு சொல்லு மாப்ள."

"இப்ப வாசிச்சீங்களே, அதுக்குத்தான்."

அந்தப் பாட்டில் குமரேசனின் அடி கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான் இருந்தது. மறுபடி மெதுவாக வாசித்தோம். மைத்துனர் போய்ப் பார்த்துவிட்டு வந்து, இப்போது சாப்பிடுகின்றன என்றார். அந்த இரண்டாவது வாசிப்புத்தான் ஆல்பத்தில் இருக்கிறது.

ஆல்பத்துக்கு 'த்ரீ பேஸ்' என்று பெயர் வைத்தார். மும்முனை மின்சாரம். தோட்டத்து மோட்டார்கள் எல்லாம் ஓடுவது அதில்தான்.

"நாம நாலு பேர் இருக்கோமே அண்ணா?"

"மூணு பேஸ் கம்பியோட நியூட்ரல் கம்பி ஒண்ணு வேண்டாமுங்களா? அது நீங்கதான்."

"நியூட்ரல் என்ன செய்யும்?"

"பாக்கறதுக்கு ஒண்ணும் செய்யாதுங்க. புடுங்கி உட்டாத் தெரியும்."

இது பாராட்டா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆல்பத்தை இணையத்தில் ஏற்றி, கண்ணில் பட்ட இசை விமர்சகர்களுக்கெல்லாம் நான் கடிதம் எழுதினேன். ஒரு மாதம் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பிறகு ஒரு நாள், சென்னையிலிருந்து ஆங்கிலத்தில் வரும் ஓர் இணைய இதழில் நிஜமாகவே விமர்சனம் வந்தது. எழுதியவர் ஒரு பெண்மணி. வெளிநாடுகளில் எல்லாம் ஜாஸ் கேட்டவர். எங்கள் ஆல்பத்துக்கு ஐந்துக்கு இரண்டரை நட்சத்திரம் கொடுத்திருந்தார்.

கடையில் எல்லோரையும் உட்கார வைத்து நான்தான் தமிழில் படித்துக் காட்டினேன். கிளாரினெட்டில் ஓர் ஊர்வலத்தின் துணிச்சல் இருக்கிறது. டிரம்ஸ் தகரம் தட்டுவது போல் ஒலிக்கிறது. கிட்டார் வாசிப்பவர் திறமைசாலி, ஆனால் யாரோ திட்டப்போகிறார்கள் என்று பயந்து பயந்து வாசிக்கிறார். கடைசிப் பத்தியைப் படிக்காமல் தாளை மடித்தேன். குமரேசன் அதைப் பிடுங்கிப் பிரித்து என் கையிலேயே திரும்பக் கொடுத்தார். படித்தேன். பேஸ் கிட்டார் ஒவ்வோர் அடியிலும் மயிரிழை தாமதமாக வந்து சேருகிறது. அடுத்த ஆல்பத்துக்கு இந்தக் குழு வேறொருவரைத் தேடுவது நல்லது.

"மூணு பேஸ்னு பேரு வெச்சம். இருக்கற ஒரு பேஸே லேட்டாமா" என்றார் குமரேசன். அவருக்குத் தன் பங்கில் வருத்தமே இல்லை. "எப்புடிங்க கண்டுபுடிச்சாங்க? நெசமாலுமே அது தகரந்தானுங்க." பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது, அவருடைய டிரம்ஸின் பெரிய சிம்பல் தட்டு லாரி பாடித் தகரத்தில் அவரே வெட்டிக்கொண்டது என்று.

பேண்டு மாஸ்டர் ஊர்வலத்தின் துணிச்சல் என்ற அந்த ஒரு வரியை மட்டும் லேமினேஷன் செய்து கொடுக்கச் சொன்னார்.

நான் அறைக்குப் போய் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், விலகிக்கொள்கிறேன் என்று சொல்லக் கடைக்குப் போனேன். வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. கட்டிக் கொடுத்து, சரியில்லை என்று திரும்பி வந்த மோட்டார்களின் பட்டியலைச் சாக்பீஸால் அதில் எழுதியிருப்பார். அன்றைக்கு இப்படி இருந்தது:

ஓமலூர் – சூடாகுது.
வாழப்பாடி – சத்தம்.
சென்னை – தகரம், பயம், லேட்டு.

"அண்ணா, இது விமர்சனம். மோட்டார் இல்லை" என்றேன்.

"குடுத்தோம். ஓட்டிப் பாத்தாங்க. சரியில்லீன்னு சொல்லீட்டாங்க. நான் கட்டுன காயிலு திரும்பி வந்தா மறுபடியும் கட்டிக் குடுக்காம இருந்ததில்லீங்க" என்றவர், இதழில் இருந்த எண்ணுக்கு என் எதிரிலேயே போன் போட்டார்.

"வணக்கமுங்க அம்மணி. நாமக்கல்லுல இருந்து பேசறனுங்க. நம்ம ஆல்பம் ரிப்பேருன்னு எழுதியிருந்தீங்க."

மறுமுனையில் அந்த அம்மையார் பயந்துவிட்டார் என்பது ஸ்பீக்கரில் நன்றாகவே கேட்டது. "சார், அது என்னோட கருத்து. உங்களைப் புண்படுத்தணும்னு எழுதல."

"கருத்து இருக்கட்டுமுங்க. எந்தெந்த எடத்துலன்னு சொன்னீங்கன்னா பிரிச்சுப் பாத்துப்போடுவேன்."

காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு அவர் நிமிடம், நொடி சகிதம் சொல்ல ஆரம்பித்தார். அண்ணன் காயில் சுற்றும் அட்டையின் பின்புறத்தில் எழுதிக்கொண்டே போனார். நாற்பது நிமிடம் பேசினார்கள். வைக்கும்போது அந்த அம்மையார், "இதுவரைக்கும் யாரும் என்னைக் கேட்டதில்ல சார்" என்றார்.

தகரம் சுலபமாகத் தீர்ந்தது. குமரேசன் நிஜ சிம்பல் வாங்கினார். பழையதை ஒரு லாரியின் கதவுக்கே ஒட்டுப் போட்டுவிட்டார். அது இப்போது எந்த மாநிலத்தில் ஓடிக்கொண்டிருக்கிறதோ.

பயத்துக்குத்தான் பார்ட் கிடைக்கவில்லை. ஒரு மத்தியானம் அண்ணன் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார்.

"அந்த அம்மணி சொன்னது நெசந்தானுங்க சார். நான் பயந்துட்டுத்தான் வாசிச்சேன். காயில் கட்டறவனுக்கு இது எதுக்குடான்னு எவனாவது கேட்டுப்போடுவானோன்னு ஒரு இது. வெரலு கம்பிக்குப் போறதுக்கு முந்தி அது போயி நின்னுக்குது."

மறுநாள் முதல் அவர் செய்த வைத்தியத்தை எந்த இசைப் பள்ளியும் செய்திருக்காது. மோட்டாருக்காகக் கடையில் காத்திருக்கும் விவசாயிகள் முன்னால் உட்கார்ந்து வாசித்தார். அங்கே கரும்பு காய்கிறது, இங்கே இவர் கிட்டார் தட்டுகிறார். "தண்ணி இல்லாமப் பயிரு வாடறவன் முன்னால வாசிச்சுட்டா, அப்புறம் எவன் முன்னாலயும் வாசிக்கலாமுங்க" என்பது அவர் கணக்கு.

ஆட்டையாம்பட்டிக்காரர் ஒருவர் முதல் நாள் கேட்டார்: "ஏனுங்க, கம்பி சுத்தறீங்களா, கம்பி தட்டறீங்களா?"

"ரெண்டுந்தானுங்க."

"எது மொதல்ல முடியும்?"

முதல் வாரம் அண்ணனின் விரல் தடுமாறியது. இரண்டாம் வாரம் ஒருவர் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வேறு கடைக்கே போய்விட்டார். சரசு அக்கா அன்று அவரோடு பேசவில்லை. ஆனால் ஒரு மாதம் ஆனபோது, அவர் வாசிப்பில் ஏதோ ஒன்று கழன்று விழுந்திருந்தது. அதே ஆட்டையாம்பட்டிக்காரர், மோட்டார் தயாராகி வண்டியில் ஏற்றிய பிறகும் கிளம்பாமல் நின்றார். "அந்தக் கடைசில ஒண்ணு ஏறி எறங்குச்சே, அதை இன்னொருக்கா தட்டுங்க. கேட்டுட்டுப் போயர்றேன்" என்றார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பலகையில் இப்போது 'லேட்டு' மட்டும் மிச்சம். நானே எடுத்துச் சொன்னேன்.

"அண்ணா, இதுக்கு பார்ட்டை மாத்தினாலே போதும். நான் விலகிக்கறேன்."

அவர் சுற்றிக்கொண்டிருந்த கம்பியின் சுற்று எண்ணிக்கை தவறிவிடும் என்று கையால் சைகை காட்டினார். அதை அவர் வேண்டுமென்றே செய்தார் என்று இப்போது நினைக்கிறேன்.

சேலத்தில் ஒரு கல்யாணத்துக்கு அந்த அம்மையார் வருகிறார் என்று தெரிந்தது. கட்டிய மோட்டாரை வாடிக்கையாளர் கண்முன் ஓட்டிக் காட்டித்தான் அனுப்ப வேண்டும் என்பது அண்ணனின் சட்டம். மண்டபத்துக்கே டெம்போவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பட்டுப்புடவையோடு அவரை முன்சீட்டில் ஏற்றி, பின்னால் கிடந்த ஐந்து குதிரைசக்தி மோட்டாரை வழியில் ஒரு தோட்டத்தில் இறக்கிவிட்டு, முட்டை அறைக்கு அழைத்து வந்தார். அவரைச் சுற்றியும் முட்டை. அவர் சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்தபடி உட்கார்ந்தார்.

நாங்கள் ஆல்பத்தின் நாலு பாட்டையும் வாசித்தோம். அண்ணன் அன்றைக்கு வாசித்ததைப் பற்றி நான் எழுதினால் சொந்தக்காரனைப் புகழ்கிற மாதிரி இருக்கும். முடிந்ததும் அந்த அம்மையார் பிடித்திருந்த சேலைத் தலைப்பை விட்டார்.

"கிட்டார் வேற ஆள் மாதிரி இருக்கு. டிரம்ஸும் சரியாயிடுச்சு. பெங்களூர்ல ஒரு அரங்கத்துக்கு நான் தைரியமா சொல்வேன்" என்றவர், என்னைப் பார்க்காமல் தொடர்ந்தார். "ஆனா சார், பேஸ் இன்னும் லேட்டாத்தான் வருது. நல்ல ஆள் ஒருத்தர் எனக்குத் தெரியும். அனுப்பட்டுமா?"

நான் கிட்டாரைத் தோளிலிருந்து கழற்றப் போனேன்.

"அது ரிப்பேர் இல்லீங்க அம்மணி" என்றார் அண்ணன். "அவரு ஒரு அடி எடுத்து வெக்கறதுக்கு முந்தி, கீழ எறும்பு இருக்குதான்னு பாத்து வெக்கற ஆளு. அது தெரிஞ்சுதானுங்க நான் எடம் உட்டு வாசிக்கறேன். அவரு சரியா வந்துட்டாருன்னா நாந்தான் போயி முட்டிக்குவேன்."

"கேக்கறவங்களுக்கு அது தெரியாதே சார்."

"இன்னொருக்கா வாசிக்கறமுங்க. அவரைப் பாக்காதீங்க. எங்க ரெண்டு பேருக்கும் நடுவால கேளுங்க."

வாசித்தோம். வழக்கத்தைவிடத் தாமதமாகத்தான் வந்திருப்பேன். எவ்வளவு தாமதமாக வந்தாலும் எனக்கு முன்னால் ஓர் இடம் காலியாக இருந்தது. அத்தனை நாள் வாசித்தும் அன்றைக்குத்தான் அதை நான் கேட்டேன்.

அன்றைய வாசிப்பைப் பற்றி இரண்டாவது விமர்சனம் வந்தது. மூன்று நட்சத்திரம். அந்த அம்மையார் முழுதாக மனம் மாறிவிடவில்லை; நேர்மையானவர். பேஸ் இன்னமும் தாமதம்தான், ஆனால் இந்தக் குழு அந்தத் தாமதத்தைக் குடிவைத்திருக்கிறது என்று எழுதியிருந்தார். அண்ணன் பலகையில் 'லேட்டு' என்பதை அழிக்கவில்லை. பக்கத்தில் 'கம்பெனி செட்டிங்' என்று எழுதிவைத்தார். மோட்டார் வரும்போதே அப்படித்தான் வந்தது, யாரும் கைவைக்க வேண்டாம் என்று அர்த்தம்.

பெங்களூருக்கும் போனோம், நாலு பேருமாக. அங்கே ஒவ்வொருவர் தனியாக வாசித்து முடிக்கும்போதும் நடுவிலேயே கைதட்டுகிறார்கள். கச்சேரி முடிந்துவிட்டது என்று நினைத்து மாஸ்டர் ஆறு முறை கும்பிட்டுவிட்டு மேடையை விட்டு இறங்கினார். ஆறு முறையும் குமரேசன் கூட்டி வந்தார்.

அதற்கடுத்த வருடம் எனக்குப் பதவி உயர்வோடு மாற்றல் உத்தரவு வந்தது. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற கட்டத்தில் 'குடும்பம்' என்று போட்டேன். மேலதிகாரி போனில் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, உனக்கு இன்னும் கல்யாணமே ஆகல. உங்க குடும்பம் மயிலாடுதுறையில இல்ல இருக்கு?"

"அங்க அப்பா, அம்மா இருக்காங்க சார்" என்றேன். "இங்க நாங்க நாலு பேர் இருக்கோம்."